பெர்ஹெந்தியான் இரண்டாவது பயணம்: மாஸ்க்கில் தண்ணீர் ஏறுகிறது, செகண்ட் ஹேண்ட் செட் வாங்கலாமா?

புதுமீன் (பட்டர்வொர்த்):

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ஜூன் மாதம் மலேசியக் கிழக்குக்கரையில் இருக்கிற பெர்ஹெந்தியான் தீவில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப டைவிங் பயிற்சியை முடித்தோம். இதுவரை மொத்தமே ஐந்து டைவ். செப்டம்பரில் மறுபடி போகிறோம். மூன்று சந்தேகம் இருக்கிறது.

முதலில் அவருடைய டைவிங் மாஸ்க். பயிற்சியில் கொடுத்த வாடகை மாஸ்க்கில் தண்ணீர் ஏறியது என்று 260 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புதிதாக வாங்கினோம். போன வாரம் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தால் இதிலும் ஏறுகிறது. மூக்குக்குக் கீழிருந்து சன்னமாக உள்ளே வந்து, இரண்டு நிமிடத்தில் மூக்கு முழுகிவிடுகிறது. வாரை இறுக்க இறுக்க அதிகமாகிறதே தவிர நிற்கவில்லை. கண்ணாடியிலும் உடனே பனி பிடிக்கிறது. கடையில் மாற்றித் தர மாட்டார்களாம்.

அடுத்தது, பிறை ஊரில் ஒருவர் ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்று தரும் கருவி), பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேற்சட்டை) இரண்டையும் சேர்த்து 900 வெள்ளிக்குத் தருகிறார். "மூணு வருஷமா அலமாரியிலதான் இருக்கு, புதுசு மாதிரி" என்கிறார். ரெகுலேட்டர் டின் வகை. இருவருக்குமாகக் கையில் இருப்பது 1,500 வெள்ளி. வாங்கலாமா?

கடைசியாக, அங்கே சுகர் ரெக், தோக்கோங் லாவுட் என்கிற டைவ் இடங்கள் எல்லாம் எங்களைப் போன்ற புதியவர்களுக்குச் சரிவருமா? அவர் சபாவில் இருக்கிற சிப்பாடான் தீவுக்கே போகலாம் என்கிறார்.

திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து காரில் கிளம்பி, கிரிக் – ஜெலி மலைச்சாலை வழியாக விடியலில் குவாலா பெசுட் படகுத்துறை. சனிக்கிழமை மூன்று டைவ், ஞாயிறு காலை இரண்டு. மதியப் படகில் கரைக்கு வந்து அதே வழியில் இரவுக்குள் வீடு. திங்கள் இருவருக்கும் வேலை.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

மாஸ்க் பற்றி ஒரே கேள்வி. வீட்டுக்காரருக்கு மீசை உண்டா?

புதுமீன்:

உண்டு அண்ணே. நல்ல அடர்த்தி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கிறார்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

அப்படியானால் மாஸ்க்கில் குற்றமில்லை. ஓரத்து சிலிக்கான் தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். நடுவில் முடி இருந்தால் ஒவ்வொரு முடியும் ஒரு வாய்க்கால். மீசையை எடுக்க வேண்டியதில்லை. மூக்குத் துவாரங்களுக்கு நேர்கீழே, மேல் வரிசையை மட்டும் ஒரு நெல் அகலத்துக்குச் சுத்தமாக மழித்துவிடச் சொல்லுங்கள். வெளியே பார்த்தால் தெரியாது. நானும் 15 வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வாரை இறுக்கியதும் ஒரு தப்பு. இறுக்கினால் சிலிக்கான் ஓரம் மடங்கி வழி விட்டுவிடும். ஆழம் போகப் போகத் தண்ணீரே மாஸ்க்கை முகத்தோடு அழுத்தும். வாருக்கு அது நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை.

மழித்த பிறகு ஒரு சோதனை. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். வாயில் ஸ்நார்க்கலை (மூச்சுக்குழாயை) கடித்துக்கொண்டே செய்யுங்கள். வெறும் வாயோடு சரியாக ஒட்டுகிற மாஸ்க், எதையாவது கடித்ததும் கன்னம் இழுபட்டு விட்டுவிடலாம். கடையிலேயே இப்படிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பனி பிடிப்பது புதுக் கண்ணாடியின் உள்பக்கம் தயாரிப்பிலிருந்தே படிந்திருக்கும் மெல்லிய படலத்தால். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தடவையாவது வேண்டும். பிறகு ஒவ்வொரு டைவுக்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசினால் போதும்.

சுங்கை ஆரா:

பிறை செட்டை விட்டுவிடுங்க. அலமாரியில் மூன்று வருடம் கிடந்தது ரெகுலேட்டருக்கு நல்லதில்லை. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் உள்ளே இருக்கிற ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்துபோகும், உப்பு உறைந்திருக்கும். வாங்கிய மறுநாளே சர்வீஸுக்குக் கொடுக்கணும். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கணும். 900 வெள்ளியோடு அது நிற்காது. டின் என்றால் சிலிண்டர் வால்வுக்குள் திருகி மாட்டுவது. நம் தீவுகளில் பெரும்பாலும் யோக், அதாவது மேலே கவ்விப் பிடிக்கும் வகைதான். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ஐந்து டைவ் முடித்தவங்களுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

பிசிடியும் ரெகுலேட்டரும் வாடகைக்கே இருக்கட்டும். கையில் இருக்கிற பணத்துக்கு ஆளுக்கு ஒரு டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் வைத்து இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி, வாங்குங்க. நான் கையில் கட்டும் சாதாரண வகையை 750 வெள்ளிக்கு வாங்கினேன், பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை வாங்கி இருவரும் பகிர்வது கூடாது. பக்கத்தில் பக்கத்தில் நீந்தினாலும் இருவரும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. போன டைவின் கணக்கும் அதற்குள்தான் இருக்கும், கை மாறினால் கணக்கு பொய்யாகிவிடும்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

இடம் பற்றி. சுகர் ரெக் 2000-ல் பருவமழைக் காலத்தில் சர்க்கரையோடு மூழ்கிய கப்பல். பக்கவாட்டில் சாய்ந்து சுமார் 18 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழின் எல்லையும் 18 மீட்டர், ஆகவே கணக்குக்குச் சரி. ஆனால் சில நாள் கலங்கலாகவும் நீரோட்டத்தோடும் இருக்கும். முதல் டைவை ஆழமில்லாத பவளப் பாறையில் வைத்து இடுப்பில் கட்டும் எடையைச் சரிபார்த்துக்கொண்டு, மறுநாள் கப்பலுக்குப் போங்கள். உள்ளே நுழையாமல் வெளியே சுற்றிவந்தால் போதும், மீன் கூட்டமெல்லாம் வெளியேதான். தோக்கோங் லாவுட் அன்றைய நீரோட்டத்தைப் பொறுத்தது. போக வேண்டாம் என்று கைடு சொன்னால் மறுபேச்சு பேசாதீர்கள்.

சிப்பாடானுக்கு அட்வான்ஸ்ட் சான்றிதழ் கேட்பார்கள், நாளுக்கு இத்தனை பேர் என்று பெர்மிட் கட்டுப்பாடும் உண்டு. அது காத்திருக்கும்.

இன்னொன்று, தைத்தன் டிரிகர் மீன். முட்டையிட்டிருந்தால் துரத்தி வந்து கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் மாதிரி, ஆகவே மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

செபராங் நர்ஸ்:

தங்கச்சி, மூன்று கேள்விக்கும் அண்ணன்மார் நல்ல பதில் சொல்லிவிட்டார்கள். எனக்கு நீங்கள் கேட்காத நான்காவதுதான் கவலை. ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து அன்றைக்கே கிரிக் சாலையில் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

டைவ் முடித்த உடனே விமானம் ஏறக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். மலைச்சாலையும் அதே கணக்குத்தான். ஜெலியிலிருந்து கிரிக் வரும் வழியில் தித்திவங்சா ஓய்விடத்தருகே சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைவு. குவாலா பெசுட்டில் கெரோப்போக் (மீன் அப்பளம்) பாக்கெட் வாங்கிப் பின் சீட்டில் போட்டுப் பாருங்கள். மேலே ஏறியதும் பாக்கெட் தலையணை மாதிரி உப்பி நிற்கும். டைவில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேறி முடிக்காத நேரத்தில் அதே அழுத்தக் குறைவுக்கு உங்கள் உடம்பும் ஆளாகிறது. அது குமிழாகி மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல் என்று கிளம்பினால், நீங்கள் இருப்பது காட்டு நடுவில்.

டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் விமானப் பயணத்துக்குச் சொல்லும் கணக்கு: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையான உயரத்துக்கு அது பொருந்தும். உங்கள் திட்டப்படி பதினொன்றரைக்குத் தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் மாலை நான்கு மணிக்கு மலை உச்சியில் இருப்பீர்கள். நாலரை மணி நேரம்தான்.

ஒரு நாள் லீவு எடுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினால் மதியம் போய்ச் சேரலாம், மாலையில் ஒரு டைவ். சனிக்கிழமை மூன்று, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை மேலாக ஸ்நார்க்கலிங் மட்டும். பிறகு மதியப் படகில் வந்தால் மலை ஏறும்போது ஒரு முழு நாள் கடந்திருக்கும். ஒரே ஒரு டைவ்தான் குறைகிறது. இரவு ஓட்டமும் இல்லாமல் போகும். அந்தச் சாலையில் இருட்டில் யானை குறுக்கே நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்த பிறகு கை கால் மரத்தாலோ, காரணமில்லாத அசதி இருந்தாலோ தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடாதீர்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக "டைவ் செய்தேன்" என்று சொல்லுங்கள். லுமூட்டில் ஆயுதப்படை மருத்துவமனையில் அதற்கான அழுத்த அறை இருக்கிறது.

புதுமீன்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. விமானம் இல்லையே என்று நிம்மதியாக இருந்தோம். மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை லீவு இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நேற்று மாலை குளத்தில் மறுபடி பார்த்தோம். அண்ணன் சொன்னபடி மேல் வரிசையை மழித்து, வாரைத் தளர்த்தி இருபது நிமிடம் தண்ணீருக்குள் இருந்தார். ஒரு சொட்டு இல்லை. பிறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் பார்க்கச் சனிக்கிழமை போகிறோம்.

செப்டம்பர் தவறினால் தீபாவளி லீவில் போகலாமா? இந்த முறை நவம்பரில் வருகிறது.

சுங்கை ஆரா:

வேண்டாம். நவம்பரில் கிழக்குக்கரையில் பருவமழை தொடங்கிவிடும், படகும் கடையும் மூடிவிடுவாங்க. செப்டம்பர் விட்டால் மார்ச் கடைசிதான்.