'மேப்பிள்தோர்ப்' படத்தின் நிர்வாணக் காட்சிகள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பின் வாழ்க்கைப் படத்தை 2019 மார்ச்சில் நியூயார்க்கில் தியேட்டரிலேயே பார்த்தேன். இயக்கம் ஒன்டி டிமோனர், நடிப்பு மேட் ஸ்மித். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண் நிர்வாணம் மறைப்பில்லாமல் வருகிறது. ஆண்கள் உறவுகொள்ளும் காட்சிகளும் உண்டு. ஆனால் நடிகர்கள் வரும் அந்தக் காட்சிகளைவிட, மேப்பிள்தோர்ப் எடுத்த அசல் புகைப்படங்கள்தான் ஆளை உலுக்குகின்றன. 1970களின் நியூயார்க்கில் அவர் பழகிய லெதர் கிளப் (தோலுடை அணிந்த தன்பாலின ஆண்கள் கூடும் இடம்) உலகம், கட்டு, வலி, ரப்பர் உடை எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

என் வருத்தம் வேறு. சினிமாவில் அந்தப் புகைப்படங்கள் கண்ணில் பட்டதும் போய்விடுகின்றன. அதே ஆண்டு நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களின் முன் வேண்டிய மட்டும் நின்றேன். முதல் அதிர்ச்சி அடங்கியதும் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. லில்லிப் பூவின் மடிப்பையும் ஒருவரின் தோளையும் அவர் ஒரே அக்கறையோடுதான் எடுத்திருக்கிறார். சினிமாவிலோ அந்தப் படங்கள் 'இவர் துணிச்சல்காரர்' என்பதற்குச் சாட்சியாக மட்டும் வந்து போகின்றன. நிர்வாணம் கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை என்பேன்.

*

மேலே எழுதிய அம்மா சொன்னது சரி. 1990 ஏப்ரலில் நான் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்தேன். மேப்பிள்தோர்ப் எய்ட்ஸால் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது, இறக்கும்போது வயது 42தான். அவருடைய கண்காட்சியை அங்கே தற்காலக் கலை மையத்தில் வைத்தார்கள். மொத்தம் 175 படங்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. திறந்த அன்றே போலீஸ் உள்ளே வந்து, கூட்டத்தை வெளியேற்றிவிட்டு ஆதாரத்துக்கு வீடியோ எடுத்தது. ஏழு படங்களுக்காக மையத்தின் மீதும் இயக்குநர் டென்னிஸ் பாரி மீதும் ஆபாச வழக்கு. அக்டோபரில் ஜூரி விடுதலை செய்தது.

நான் பிறகொரு நாள் போனேன், நீளமான வரிசை. சர்ச்சைக்குரிய படங்களில் பல சிறியவை. சாய்வான மேசையில் வைத்திருந்ததால் குனிந்துதான் பார்க்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை, முகம் சுளித்தவர்கள் நகர்ந்து போனார்கள். திரையில் அதே படங்கள் பெரிதாக விழும்போது அந்த அந்தரங்கம் போய்விடுகிறது.

*

வணக்கம் ஐயா. நான் சென்னையில் மாலை வகுப்பில் புகைப்படக்கலை சொல்லித்தருகிறேன், படிப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். இந்தச் சினிமாவைப் போடுவதற்கு முன்பே என்னென்ன வரும் என்று ஒளிக்காமல் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள், காரணம் கேட்கவில்லை.

பேச்சு சூடானது உடலுறவுக் காட்சிகளைப் பற்றி இல்லை, மேப்பிள்தோர்ப் 1980இல் எடுத்த 'பாலியஸ்டர் சூட் அணிந்த மனிதன்' புகைப்படத்தைப் பற்றி. அதில் அவருடைய காதலரான ஒரு கறுப்பின ஆணின் உடுப்பும் குறியும் இருக்கின்றன. முகம் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. "காதலனை எடுத்தாரா, உறுப்பை எடுத்தாரா?" என்று ஒரு மாணவி கேட்டார். அப்புறம் வகுப்பு முழுக்க அதே பேச்சு. சினிமா அந்த மனிதரைக் காட்டுகிறது, அவர் பக்கத்துக் கதைக்குள் போவதில்லை. எனக்கு ஆறாத குறை அது.

*

தம்பி, உங்கள் மாணவி கேட்டதை கறுப்பினக் கலைஞர் கிளென் லிகன் 1990களின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார். மேப்பிள்தோர்ப்பின் கறுப்பின ஆண்கள் புத்தகத்திலிருந்து பக்கங்களை எடுத்துச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டி, நடுவில் அந்தப் படங்களைப் பற்றிப் பலர் சொன்னவற்றைச் சிறு சிறு சட்டங்களில் வைத்தார். திட்டியவர்களும் உண்டு, ரசித்தவர்களும் உண்டு. குகன்ஹைமின் அந்தக் கண்காட்சியில், 2019 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் பகுதியில் அதைப் பார்த்தேன். அடுத்த முறை சினிமாவைப் போடும்போது அதையும் வகுப்பில் காட்டுங்கள்.