புதுப்பிப்பு: சீஸ்மன் கேன்யனில் ட்ரவுட் ஃப்ளையைத் தொடாத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கொலராடோவின் சவுத் பிளாட் ஆற்றில், சீஸ்மன் அணைக்குக் கீழே, கண்ணெதிரே நிற்கும் ட்ரவுட் மீன், 22ஆம் எண் மிட்ஜ் ஃப்ளையை (கொசு போன்ற பூச்சி வடிவில் கட்டிய மிகச் சிறிய தூண்டில் கொக்கி) சீண்டவே இல்லை.

ஃப்ளையை மாற்றியும் பலனில்லை. டிப்பெட்டை (ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு) 6எக்ஸிலிருந்து இன்னும் மெல்லிய 7எக்ஸுக்கு இறக்கியதில் கிரானைட் பாறையில் உரசி அறுந்ததுதான் மிச்சம். கைகொடுத்தது "குண்டைக் கூட்டு", அதாவது ஃப்ளையை அமிழ்த்த நரம்பில் மாட்டும் எடையைக் கூட்டு என்ற யோசனை. ஃப்ளை மீனின் தலைக்கு ஓரடி மேலே போய்க்கொண்டிருந்தது. அணையிலிருந்து வரும் குளிர்நீரில் மீன் அதற்காக எழும்பாது. ஃப்ளைக்கு 8 அங்குலம் மேலே, டிப்பெட் முடிச்சுக்குச் சற்று மேலாக (வழுக்கி இறங்காது), ஒன்றுக்கு இரண்டு சிறு குண்டுகள். ஈயம் வேண்டாம், வெள்ளீயமே போதும். கடியைக் காட்டும் தக்கை, நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை குண்டு ஆற்றின் அடியில் தட்டினால் அளவு சரி. ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் ஒன்றைக் கழற்றுங்கள்.

எதிர்பாராதது: பாதிக் கடிகளுக்குத் தக்கை அசையவே இல்லை. போலராய்டு கண்ணாடி வழியே மீனையே பாருங்கள். வாய் வெள்ளையாக மின்னினால் உடனே கோலைத் தூக்குங்கள்.

பிடித்ததைத் திரும்ப விட்டாக வேண்டிய பகுதி இது. கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம்.