மங்குக்கு லேசர் எடுக்கலாமா? தாடை முடிக்கு?

கொளச்சல் டீச்சர்:
ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ரெண்டு கன்னத்துலயும் கறுப்புத் திட்டா மங்கு விழுந்துட்டு. தினமும் மண்டைக்காடு வழியா ஸ்கூட்டியில ஸ்கூலுக்குப் போறேன், கடற்கரை வெயில் மூஞ்சியிலதான் அடிக்கும். நாகர்கோவில்ல ஒரு பார்லர்ல, ஆறு சிட்டிங் லேசர்ல அடியோட போயிரும்னு சொல்லுகாங்க. முழுப் பணமும் முன்னாலயே கட்டணுமாம். எனக்க அக்கா மவளுக்கு பி.சி.ஓ.டி. (ஹார்மோன் கோளாறு), தாடையில தடிச்ச முடி, ஆவணியில கல்யாணம். அவளுக்கும் அதே மெஷின்தானாம். ரெண்டு பேரும் போகலாமா?

குலசேகரத்துக்காரி:
தாடை முடிக்கு நான் திருவனந்தபுரத்துல தோல் டாக்டர்ட்ட எடுத்தேன். கண்ணை மூடி மறைப்பு போட்டுருவாங்க, ஜில்லுன்னு ஜெல் தடவுவாங்க. ஒவ்வொரு அடிக்கும் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுள்ளுன்னு இருக்கும், முடி கருகுற வாடையும் வரும். முழுசாப் போகல. ஆனா தினமும் கண்ணாடி முன்னால பிடுங்கிட்டு நிக்க வேண்டியதில்ல. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

மார்த்தாண்டம் லேசர் சிஸ்டர்:
அக்கா, பணம் கட்டிராதீங்க. நான் தோல் டாக்டர்ட்ட லேசர் ரூம்ல வேலை பாக்கேன். மங்குக்கு எங்கயோ லேசர் அடிச்சு, முன்னைவிடக் கறுத்துப்போய் எங்ககிட்ட வந்து அழுத பெண்களை நிறையப் பாத்திருக்கேன். அதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுகேன்.

முடியும் மங்கும் ஒண்ணு இல்ல. லேசர் ஒளி கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சூடாக்கும். 1983-ல ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிவச்ச தத்துவம் அது: சரியான அலைநீளம், சரியான நேர அளவு இருந்தா சுத்தியுள்ள தோல் வேகாம, குறிவச்சது மட்டும் வேகும். முடிக்கு இது நல்லாப் பொருந்தும், வேர்ல கறுப்பு இருக்கு. ஆனா நம்ம தோல்லயும் அதே கறுப்பு இருக்கே! அதனால மாநிறம், கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பு. அது மேல்தோல் நிறமியில அவ்வளவு சிக்காம ஆழத்துக்குப் போகும். வெள்ளைத்தோலுக்குத் தோதான 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரை அளவு தெரியாம நமக்கு அடிச்சா கொப்பளிச்சு, தழும்பு கறுத்துரும். மெஷின் பேரும் அலைநீளமும் கேளுங்க. சொல்லத் தெரியலைன்னா எழும்பி வந்துருங்க.

உங்க அக்கா மவளுக்கு: வளர்ற பருவத்துல இருக்கிற முடியில மட்டும்தான் லேசர் பிடிக்கும். அதான் நாலு ஆறு வாரம் இடைவெளி விட்டு ஆறு எட்டு சிட்டிங் ஆகும். ஆவணிக் கல்யாணம்னா இப்பவே தொடங்கணும், கல்யாணத்தை ஒட்டி கடைசி சிட்டிங் வைக்காண்டாம். ஒரு மாசத்துக்கு முன்னாலயே திரெட்டிங், வேக்ஸிங்கை நிறுத்தணும்; வேர் இல்லாட்டா லேசருக்குப் பிடிக்க ஒண்ணும் இல்ல. ஷேவ் செய்யலாம். முதல்ல காதுக்குக் கீழ கொஞ்ச இடத்துல அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பூனைமுடி மேல அடிக்கக் கூடாது, சிலருக்கு அதுவே தடிச்சு வளரும். நரைமுடிக்குப் பிடிக்காது. ஹார்மோனுக்கு வைத்தியம் பாக்காம லேசர் மட்டும் எடுத்தா புதுமுடி வந்துட்டேதான் இருக்கும்.

மங்குக்கு வாறேன். அங்க நிறமி செய்யுற செல்லே கோபத்துல இருக்கு. லேசர் இருக்கிற நிறமியை உடைக்கும், செல்லை அடக்காது. சூடு பட்டா அது இன்னும் கிளம்பும். அடியோட போயிரும்னு எந்தத் தோல் டாக்டரும் சொல்ல மாட்டாங்க. சன்ஸ்கிரீன், பூசுமருந்து, இதுக்கெல்லாம் அடங்காட்டாதான் லேசரைப் பத்தியே யோசிப்பாங்க, அதுவும் குறைஞ்ச சக்தியில. சன்ஸ்கிரீன்ல அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல்நிறத்துல உள்ளதை வாங்குங்க. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே மங்கைக் கூட்டும், வெள்ளையா உள்ள சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கிறது குறைவு. காலையில பூசிட்டு, மத்தியானமும் ஒருக்கா பூசணும். ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் நம்பாண்டாம், துப்பட்டாவும் கட்டுங்க.

கொளச்சல் டீச்சர்:
ரொம்ப நன்றி சிஸ்டர். மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஒரு கிரீம் போடுகேன். போட்டா வெளுக்கும், விட்டா கூடும்.

மார்த்தாண்டம் லேசர் சிஸ்டர்:
அட்டையைப் பாருங்க. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன்னு மூணும் இருக்கா? மொமெட்டசோன் ஸ்டீராய்டு. டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதுற மருந்து அது. மாசக்கணக்காப் போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் சிவப்பாத் தெரியும், பருவும் முடியும் வரும். ஸ்டீராய்டு கிரீம் பலதையும் 2018-லயே ஷெட்யூல் எச்ல சேத்தாச்சு, சீட்டு இல்லாம விக்கக் கூடாது. இருந்தும் கொடுக்காங்க, அதான் வேதனை. நீங்களா சட்டுன்னு நிறுத்தினா மூஞ்சி எரிஞ்சு சிவக்கும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஸ்கின் ஓ.பி.க்குப் போங்க, படிப்படியாக் குறைக்கச் சொல்லித் தருவாங்க. டியூபையும் எடுத்துட்டுப் போங்க. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் மறைக்காமச் சொல்லுங்க, அதைப் பாத்துதான் மருந்து எழுதுவாங்க.