சிறுசேரிக்கு மாற்றல், மனைவிக்கு கிண்டி: முதல் வீடு படூர், மேடவாக்கம், ஊரப்பாக்கம் – எதுல?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல இருந்து சென்னை சிறுசேரி சிப்காட்டுக்கு மாற்றல். எனக்கு வாரம் 3 நாள் ஆபீஸ். மனைவிக்கு கிண்டியில வேலை, 5 நாளும் போகணும். கையில 16 லட்சம் இருக்கு. பார்த்து வச்சிருக்கறது மூணு:

படூர்: ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரம், 120 வீட்டு ப்ராஜெக்ட், இன்னும் கட்டிட்டு இருக்காங்க. 2 பெட்ரூம் 60 லட்சம்.
மேடவாக்கம்: 12 வருஷப் பழசு, ரீசேல். 2 கிரவுண்டுல 12 வீடு, ஒவ்வொண்ணும் 900 சதுர அடி. 62 லட்சம்.
ஊரப்பாக்கம்: ஸ்டேஷன்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர், கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்தாச்சு, முதல் விற்பனை. 52 லட்சம்.

படூர்ல 10% கட்டினா போதும், மீதி பூரா லோன்னு சொல்றாங்க. ஆபீஸ் பக்கத்துலயே இருக்கறதால அதுக்கே மனசு போகுதுங்க. சரியா?

சதுரஅடி

அந்த 10% கதையை முதல்ல விடுங்க. வங்கிக் கடன் 30 லட்சத்துக்குள்ள இருந்தாத்தான் 90% வரைக்கும் தரலாம். 30-லிருந்து 75 லட்சம் வரைக்கும் 80% தான், அது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவையும் அந்த விலையில சேர்க்க மாட்டாங்க. சேல்ஸ் ஆள் சொல்ற 10% வேற விஷயம்: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி 10%-க்கு மேல உங்ககிட்ட வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

கணக்கு இப்படி வரும். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வச்சிருக்கற குறைந்தபட்ச மதிப்பு) விலையைத் தாண்டலைன்னு வச்சுக்கறேன்.

படூர் 60: கைப்பணம் 12, ஜிஎஸ்டி 5% 3 லட்சம், பத்திரம் 7% 4.2 லட்சம். மொத்தம் 19.2.
மேடவாக்கம் 62: கைப்பணம் 12.4, ரீசேலுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%, அதாவது 5.58 லட்சம். மொத்தம் 18 லட்சம். ஜிஎஸ்டி கிடையாது.
ஊரப்பாக்கம் 52: கைப்பணம் 10.4, பத்திரம் 7% 3.64. மொத்தம் 14 லட்சத்துச் சொச்சம். கம்ப்ளீஷன் வந்ததுக்கு அப்புறம் வாங்கறதால ஜிஎஸ்டி இல்ல.

பில்டர்கிட்ட முதல் தடவை வாங்கற ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து கூட்டு மதிப்புல (மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்த விலையில) பதிவு: 50 லட்சம் வரைக்கும் 6%, அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 7%. அதனாலதான் ரீசேல் பத்திரச் செலவு அதிகமா தெரியுது.

16 லட்சத்துல ஊரப்பாக்கம் ஒண்ணுதான் அடங்குது. அதுலயும் மிச்சம் 2 லட்சத்துக்குக் கீழ. அலமாரி, ஃபேன், மெயின்டனன்ஸ் அட்வான்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். 41.6 லட்சம் லோனுக்கு 8.5%, 20 வருஷம்னு வச்சா மாசம் சுமார் 36,100. படூர் 48 லட்சத்துக்கு 41,650 வரும். அதுவும் சாவி வர்ற வரைக்கும் வாடகை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம்.

மூணுமே 50 லட்சத்துக்கு மேல. அதனால 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வரி) பிடிச்சு வருமான வரித்துறைக்குக் கட்டறது உங்க பொறுப்பு. இது கூடுதல் செலவு இல்ல, விக்கறவருக்குத் தர்ற காசுல இருந்து கழிக்கறது. மறந்தா வட்டியும் தாமதக் கட்டணமும் உங்க தலையிலதான்.

வில்லங்கம்

மேடவாக்கம் வீட்டுல எனக்கு ஒரு நெருடல். 2 கிரவுண்டுன்னா 4,800 சதுர அடி. அந்தக் காலகட்டத்துல சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு) 1.5. அப்போ கட்டலாம்னு இருந்தது 7,200 சதுர அடி. இங்க 12 × 900 = 10,800. 900-ங்கறது சூப்பர் பில்டப் (பொதுவிடப் பங்கும் சேர்த்த அளவு), பொதுவிடத்துல கொஞ்சம் கணக்குல வராதுன்னே வச்சாலும் இடைவெளி பெரிசு. மேல்மாடி அனுமதி இல்லாம ஏத்தினதா இருக்கலாம். அனுமதி வரைபடம் கேட்டு, அதுல எத்தனை மாடி, எத்தனை வீடுன்னு எண்ணிப் பாருங்க. பிரீமியம் எஃப்எஸ்ஐ (பணம் கட்டி வாங்கற கூடுதல் அனுமதி) வாங்கியிருந்தா பணம் கட்டின ரசீது இருக்கணும். கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லைன்னா, நாளைக்கு நீங்க விக்கும்போது வாங்கறவரோட வங்கி இதே கேள்வியைக் கேக்கும்.

யூடிஎஸ்ஸையும் (பிரிக்காத மனையில ஒவ்வொரு வீட்டோட பங்கு) கூட்டிப் பாருங்க. 12 வீடும் ஒரே அளவுன்னா ஆளுக்கு 400 சதுர அடி வரணும். பத்திரத்துல 330, 340-ன்னு இருந்தா மீதி மனை யார் பேர்ல நிக்குதுன்னு கேளுங்க. பெரும்பாலும் நில உரிமையாளர் கையிலயே வச்சிருப்பார்.

எந்த வீடா இருந்தாலும் 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா, புலப்படம் (மனை எல்லை வரைபடம்) எல்லாம் வாங்கிப் பாருங்க. கூடவே ‘அ’ பதிவேட்டுல (கிராம நிலப் பதிவேடு) அந்த சர்வே எண் என்ன வகைன்னு பாருங்க. ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால்னு ஒரு வார்த்தை இருந்தாலும் விலகிடுங்க.

பாஸ்ட்லோக்கல்

ஆபீஸ் பக்கம்னு சொன்னது உங்க ஆபீஸை மட்டும் வச்சு. வாரத்துக்கு உங்களுக்கு 6 பயணம், அவங்களுக்கு 10. படூர்ல இருந்து கிண்டிக்கு இன்னைக்கு ரயில் கிடையாது. ஓஎம்ஆர் முழுக்க பஸ்லயோ வண்டியிலயோ வரணும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ தூண் நிக்கறதைக் காட்டி விலை ஏத்துவாங்க. தூண்ல ஏறிப் போக முடியாது.

ஊரப்பாக்கத்துல இருந்து புறநகர் ரயில்ல ஏறினா நேரா கிண்டி. உங்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, கண்டிகை, மாம்பாக்கம் தாண்டி புதுப்பாக்கத்துல சிறுசேரிக்குத் திரும்பணும். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். காலையில காலேஜ் பஸ்ஸெல்லாம் அந்த ரோட்டுலதான். டோக்கன் (முன்பணம்) குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலைல எட்டரைக்குக் கிளம்பி ஓட்டிப் பாருங்க, ஞாயித்துக்கிழமை சைட் விசிட்ல ஒண்ணும் தெரியாது. பொங்கல், தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம் ஜிஎஸ்டி ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) நகராது. வருஷத்துல நாலஞ்சு நாள்தான், பொறுத்துக்கலாம்.

நொய்யல்கரை

ஏனுங்க, அப்போ ஊரப்பாக்கத்துக்கு டோக்கன் குடுத்துடலாங்களா?

மேஸ்திரி

இருங்க தம்பி, தண்ணியைப் பத்தி யாருமே பேசல.

படூர் பக்கம் பெரிய ப்ராஜெக்டுகள் லாரித் தண்ணியை நம்பித்தான் ஓடுது. 120 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர்: ஒரு நாளைக்கு 64,800 லிட்டர். போர் கைவிட்டா 12,000 லிட்டர் லாரி தினம் அஞ்சுக்கு மேல வரணும். பக்கத்துல குடியேறின ப்ராஜெக்ட்ல ஏப்ரல், மே மாச மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்க. டிசம்பர் பில்லைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஊரப்பாக்கத்துல பிரச்சினை நேர்மாறு. நந்திவரம், ஊரப்பாக்கம் ஏரிகளோட உபரி ஆதனூர் வழியா அடையாத்துக்குப் போகுது. 2015-ல அந்தப் பக்கம் பல தெருவுல தண்ணி நின்னுச்சு. ஊர் பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, தெருவை வச்சுப் பண்ணுங்க. இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட “2015-லயும் 2023 மிக்ஜாம்லயும் எதுவரைக்கும் வந்துச்சு?”ன்னு கேளுங்க, கையை வச்சே காட்டுவார்.

கட்டடம் புதுசு, அதனால அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளோட ஈபி மீட்டர் பலகையைப் பாருங்க. முழங்கால் உயரத்துல சிமெண்ட் வச்சு அடைச்ச பழைய ஆணி ஓட்டை, பலகை மட்டும் தோள் உயரத்துல புதுசா இருந்துச்சுன்னா அங்க தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம். கார் நிறுத்துற தரை ரோட்டை விட எவ்வளவு உசரம்னு டேப் வச்சு அளங்க. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தார் மேல தாரா ஏத்திடறாங்க. இன்னைக்கு அரை அடி உசரம்னா பத்து வருஷத்துல ரோட்டுத் தண்ணி உள்ள வரும். ரெண்டு அடியாவது இருக்கட்டும். சம்ப் மூடியோட விளிம்பும் தரையை விட எழும்பி இருக்கணும், இல்லைன்னா சாக்கடை கலந்துடும்.

அப்புறம் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு (சதுரஅடி சொன்ன டிடிஎஸ் இல்ல). சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்தான். போர்த் தண்ணி 500-க்குள்ள இருந்தா நல்லது. 2,000 தாண்டினா குழாய், கீஸர் எல்லாம் உப்புப் பூத்துடும்.

நொய்யல்கரை

மீட்டர் பலகை யோசனை நமக்குத் தோணவே இல்லைங்க. நாளைக்கழிச்சு செவ்வாய் லீவு போட்டுட்டேன், எட்டரைக்கு வண்டி எடுக்கறேன். பில்டர் சனிக்கிழமைக்குள்ள டோக்கன் 1 லட்சம் கேக்கறாங்க, குடுக்கலாங்களா?

வில்லங்கம்

வக்கீல் ஒப்பீனியன் வர்றதுக்கு முன்னாடி குடுக்கறதா இருந்தா, “ஆவணம் சரியில்லைன்னாலோ, வங்கி கடன் மறுத்தாலோ முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்”னு ரசீதுலயே எழுதி வாங்கிட்டு, செக்கா குடுங்க. எழுதித் தர மாட்டேன்னா சனிக்கிழமை போகட்டும்.