மூன்று வார வெளிநாட்டுப் படிப்பு: வருடங்கள் கழித்து என்ன மிஞ்சுகிறது?

பனித்துளி:
எல்லாருக்கும் வணக்கம். சூரிய மின்சாரம் பற்றிய மூன்று வாரக் கோடை வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க். ஜூலையில் கிளம்ப வேண்டும். "மூணு வாரத்துல என்னத்தப் படிச்சுடப் போற, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வா" என்கிறார்கள் வீட்டில். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படிக் குறுகிய காலம் படிக்கப் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன். சில வருடம் கழித்து நினைத்துப் பார்த்தால் என்ன நிற்கிறது? சான்றிதழ் தவிர.

ஓட்டைக்குடை:
என்னிடம் நிற்பது ஒரு ஹார்ட் டிஸ்க். மூவாயிரத்துச் சொச்சம் படம். பாதி ரயில் ஜன்னல் வழியாக எடுத்தது, எல்லாம் ஒரே பச்சை. திறந்து பார்த்து நாலு வருஷம் ஆச்சு. கேமராவைக் கொஞ்சம் பையிலேயே விட்டு வை தம்பி.

சாய்வுநாற்காலி:
ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. நான் 2017 ஜூலையில் போனேன். அதே ஊர், அதே மூன்று வாரம், பாடமும் கிட்டத்தட்ட அதுதான். அப்போது எனக்கு 41 வயது, இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. வகுப்பில் மற்ற எல்லாரும் என் மாணவர்கள் வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்து ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

பாடத்தில் நிற்பது ஒன்றே ஒன்று. சிலிக்கான் பலகை சூடேறினால் மின்சாரம் குறையும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம். இதை வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அங்கே விளக்கடியில் கொதித்துக் கிடந்த பலகையின் பின்பக்கம் ஒரு ஈரத்துணியை ஒற்றச் சொன்னார்கள். ஒற்றினேன். வாட் மீட்டரில் எண் மெல்ல மேலே ஏறியது. துணியை எடுத்தால் இறங்கியது. நான் ஏழெட்டு முறை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன், வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமும் வரை.

மற்றபடி மிஞ்சியது வீட்டுக்காரம்மாதான். வொபான் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு அறை எடுத்திருந்தேன். 1992 வரை பிரெஞ்சுப் படை முகாமாக இருந்த இடம். இப்போது கார்களை எல்லாம் விளிம்பிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். டிராம் தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்ந்திருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், தெருவில் பிள்ளைகள் விளையாடும், ஆனால் ஹார்ன் சத்தம் என்று ஒன்று கிடையாது. முதல் வாரம் அந்த அமைதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதும் தெரியாது. என் வெறும் ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அரை ரொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் அந்த அம்மா. அப்படித்தான் பழக்கம்.

இரண்டாவது வாரம் வகுப்பில் ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு வரி: "1975, வீல்". பக்கத்துக் கிராமமான வீலில் அணு உலை கட்ட இருந்ததையும், மக்கள் மறித்து அது நின்றுபோனதையும், இந்த ஊர் சூரியன் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். ராத்திரி அந்த அம்மாவிடம் பெரிய புதுத் தகவல் போல இதைச் சொன்னேன். "நான் அங்கே இருந்தேனே" என்றார்.

அப்போது அவருக்கு 24 வயதாம். பிப்ரவரி மாதம், மரங்களுக்கு நடுவே, இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் சொன்னதில் கால்வாசி அரசியல், முக்கால்வாசி குளிர். காலுறைக்குள் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டது, யாரோ ஒரு விவசாயி வைக்கோல் இறக்கிப் போட்டது. மாணவர் போராட்டமா என்று கேட்டதற்குக் கோபமே வந்துவிட்டது. முதலில் நின்றது திராட்சை விவசாயிகளாம். குளிர்விப்புக் கோபுரத்தின் ஆவி மேகமாகக் கவிந்தால் கொடிக்கு வெயில் போய்விடுமே என்ற பயம். உலக சமாதானத்துக்காக வந்தவர்கள் பிறகு வந்தார்கள் என்றார், கொஞ்சம் நக்கலாக.

சனிக்கிழமை கடன் வாங்கிய ஒரு காரில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ரைன் நதியோரக் காடு, கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. பார்ப்பதற்கு ஒரு கல்தான் இருக்கிறது. "நை ஹெம்மர் க்சைட்" என்று வெட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து ஜெர்மன் படித்துவிட்டுப் போன எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு. "வேண்டாம்னு சொல்லிட்டோம்ல" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தையும் பாருங்கள். கோபுரம் 116 மீட்டர், அதை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் வாசல் மண்டபச் சுவரைப் பாருங்கள், சந்தையில் விற்கும் ரொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 1270 தேதியிட்டு அளவு செதுக்கியிருக்கிறார்கள். ஆய்வகக்காரிக்கு அது போதும், அரை மணி நேரம் நின்றேன்.

அப்புறம் தெருவோரம் ஓடும் குட்டி வாய்க்கால்கள். பெஹ்லே என்பார்கள். தெரியாமல் காலை விட்டால் அந்த ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொள்வீர்கள் என்று ஒரு நம்பிக்கை. கடைசிக்கு முதல் நாள் சான்றிதழும் கையுமாக வந்தவள் முழங்கால் வரை நனைந்தேன். எனக்குத்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே என்றேன். "அது உன் பாடு" என்றார் வீட்டுக்காரம்மா.

தெருவிளக்கு:
அக்கா, அருமை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. நான் அதே நாட்டில் இரண்டு வருடம் படித்தேன். முதல் மூன்று வாரம் எனக்கும் இப்படித்தான் இருந்தது. நாலாவது மாதம் விசா நீட்டிப்பு, அறை தேடி அலைச்சல், நாலரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். நீங்கள் பார்த்தது விருந்தாளிக்குக் காட்டும் வீடு. தம்பி இதை நம்பி அங்கேயே தங்கிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

சாய்வுநாற்காலி:
வாஸ்தவம். நான் குப்பை பிரித்துப் போட்டதைத் தவிர ஒரு அலுவலக வாசலும் ஏறவில்லை. ஆனால் அவர் கேட்டது தங்கலாமா என்பதல்ல, என்ன நிற்கிறது என்று. என் ஜூலையை என்னிடமே விட்டுவிடுங்கள்.

பனித்துளி:
அக்கா, ரொம்ப நன்றி. வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன், ஈரத்துணி சமாச்சாரத்தை அப்பா இரண்டு தடவை கேட்டார். அந்த அம்மாவுடன் இன்னும் தொடர்பு இருக்கிறதா?

சாய்வுநாற்காலி:
வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு அஞ்சலட்டை வரும், கல்லில் இருந்த அந்த வாசகம் மட்டும் எழுதி. 2020க்குப் பிறகு வரவில்லை. நான் இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. மின்னஞ்சல் எல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கிளம்பும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒரு கடிதம் தருகிறேன். மூன்றாம் எண் டிராமில் ஏறினால் அந்தப் பக்கம் போகும். மணி அடித்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள் தம்பி. அவருக்கு அப்போதே மூட்டுவலி, கதவு திறக்கக் கொஞ்சம் நேரமாகும்.