புதுப்பிப்பு: அஸ்தம்பட்டி வீட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) லைன் மாற்றியாச்சு

முன்னால் கேட்டது: சேலத்தில் பழைய மாடி வீடு, மராமத்து நடக்கிறது, மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது. பிரஷர் பம்பா, புது லைனா?

லைனைத்தான் மாற்றினோம். பழைய அரை அங்குல ஜிஐயை அறுத்தால், போர் தண்ணீரின் உப்பு படிந்து பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம். பம்பு வைத்திருந்தால் காசு தண்டம்.

டேங்கிலிருந்து இறங்கும் மெயின் ஒன்றேகால் அங்குலம், பாத்ரூம் வரை முக்கால், டேப்புக்கு மட்டும் அரை, எல்லாம் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்). டேங்க் வால்வை ஒட்டி, டேங்கைவிட உயரமாக ஏர் வென்ட் (காற்று போக வர வாய் திறந்த குழாய்) நிற்கிறது. அது இல்லையென்றால் காற்று அடைத்துத் தண்ணீர் திக்கித் திக்கி வரும்.

சறுக்கியது டேப் மாட்டும் எல்போவில் (வளைவுத் துண்டு). பிளாஸ்டிக் மரை போட்டார்கள், டேப்பை இறுக்கியதும் விரிசல். பித்தளை மரை உள்ளதையே வாங்குங்கள், சில ரூபாய்தான் கூட.

ஒட்டி 24 மணி நேரம் கழித்து, காற்றை வெளியேற்றி, கைப்பம்பில் சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் ஏற்றினோம். இரண்டு ஜாயின்ட் கசிந்தது. தூசி துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பூச்சுக்கு முன்பே தெரிந்ததால் தப்பித்தோம்.

ஷவருக்கு மேல் டேங்க் 2 மீட்டர்தான், அதாவது 0.2 கிலோ அழுத்தம். சாதா ஷவருக்குப் போதும். பெரிய ரெயின் ஷவர் வேண்டுமென்றால் பம்பு இனிமேல்தான்.