அரிசோனா வாஷ் ஓரம் நிலம்: வேலி, பாதை, கேஸ் டேங்க்

ஃபீனிக்ஸுக்கு வடக்கே கேவ் க்ரீக், நியூ ரிவர் பக்கம் ஓரிரு ஏக்கர் பார்க்கிறவர்கள் மணலோடையைக் கண்டுகொள்வதே இல்லை. ஊர்க்காரர்கள் வாஷ் என்பார்கள். ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழை. மேலே மலையில் கொட்டினால் போதும், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். பல இடங்களில் மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புச் சுக்கான் படிவம் இறுகிக் கிடப்பதால் மழை உள்ளே இறங்காது.

தயவுசெய்து ஓடைக்குக் குறுக்கே கம்பிவலை வேலி போடாதீர்கள். முள்ளும் சருகும் வலையில் அப்பிக்கொண்டு வேலி அணையாகிவிடும். தேங்கிய நீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பும், இல்லையேல் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். வேலி வேண்டுமென்றால் இரு கரையிலும் கம்பம் நட்டு இரும்புக் கயிறு இழுத்து, அதில் வலைத் துண்டுகளைத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். வெள்ளம் தள்ளினால் எழும்பும், வடிந்ததும் இறங்கும். வெள்ளம் பரவும் இடங்களைக் காட்டும் வெள்ளச் சமவெளி வரைபடத்துக்குள் வரும் இடமானால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

—

ஓடையைக் கடக்கும் பாதைக்கும் இதே கதைதான். 18 அங்குலக் குழாய் புதைத்து மேலே மண் கொட்டுகிறார்கள். குழாய் மணலில் அடைத்ததும் நீர் மேலேறி மண்ணை அரித்துவிடும். ஓடைத் தரை மட்டத்திலேயே கான்கிரீட் போடுவது நல்லது. கீழ்நீர் விளிம்பில் ஆழமாகத் தடுப்புச் சுவர் இறக்குங்கள்; அரிப்பு அங்கேதான் தொடங்கும். நீர் ஓடும்போது கடக்காதீர்கள், ஓரடி ஆழமே சின்னக் கார்களை மிதக்கவிடும்.

—

வீட்டுக்கான புரோபேன் கேஸ் டேங்கையும் கவனியுங்கள். 500 கேலன் டேங்க் முழுக்க மூழ்கினால் சுமார் 1,900 கிலோ நீரை இடம்பெயர்க்கும். இரும்பும் 80 சதவீத கேஸும் சேர்ந்தாலே ஏறக்குறைய 1,200 கிலோதான். நிரம்பியிருந்தாலும் மிதக்கும், குழாய் அறுந்து கேஸ் கசியும். கான்கிரீட் மேடையில் நங்கூரப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்பதை நூறாண்டுக்கு ஒருமுறை என்று எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் 26 சதவீதம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. அரசு வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே செல்லும், ஆகவே மே மாதமே எடுத்துவிடுங்கள்.